ஏழேகால் செய்தியும் ஏழு முழுக்கும்

1986ஆம் ஆண்டு ஜனவரி 29, புதன்கிழமை, காலை ஏழு மணி பதினேழு நிமிடம். பனி. எதிரே கட்டியிருந்த மாட்டின் கொம்பு மட்டும் தெரிந்தது, மாடு தெரியவில்லை. அப்படிப்பட்ட பனி. கம்பைநல்லூருக்கு ஒன்றரை மைல் இந்தப் பக்கம், ஒரு ஓட்டு வீட்டின் நடுக்கூடத்தில், கோரைப்பாயின் மேல், கையில் கேசரித் தட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது அந்தப் பாயில்தான்.

அந்தச் செய்தியைக் கேட்ட இடத்தை உலகத்தில் பல பேர் மறக்கவில்லை என்று எங்கோ படித்தேன். அவர்கள் எல்லாம் செய்தியைக் கேட்டதோடு சரி. நான் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் எனக்கும் ஒரு காசு செலவாகியிருக்காது.

போன வாரம் காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். காலைச் சிற்றுண்டிப் பந்தியில் கேசரி வைத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சாப்பிடக்கூடாது. ஆனால் மோப்பம் பிடிக்கக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நெய் மணக்க, கொஞ்சம் அடிப்பிடித்த கேசரி. அந்த வாசனைக்கு என் முதுகில் சில்லென்று தண்ணீர் ஊற்றினாற்போல் ஒரு நடுக்கம் வந்தது. காரணம் இல்லாமல் வராது. அடிப்பிடித்த கேசரியையும் பனிக்காலத் தண்ணீரையும் என் உடம்பு ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

பக்கத்து இலைக்காரர் முப்பது வயதுக்காரர். இடது கையில் கைபேசி, வலது கையில் வடை. "சார், இங்க பாருங்க, ராக்கெட் வெடிச்சிருச்சு" என்று காட்டினார். நெருப்புப் பந்து ஒன்று விரிந்தது. நான் கையிலிருந்ததை இலையில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"எத்தன பேருங்க உள்ள?"

"ஆளே இல்லீங்க சார். சும்மா டெஸ்ட்டு. அடுத்த மாசம் இன்னொன்னு வுடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சட்னி கேட்டார்.

சட்னி கேட்கிற மாதிரியான சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கும் அது நடந்தது. ஆனால் எங்கள் காலத்தில் சாப்பாட்டுக்கு நடுவே சாவுச் செய்தி வந்தால் அவ்வளவு சுலபமாகச் சட்னி கேட்டுவிட முடியாது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் டிராக்டர்களிலும் பஸ் கூரைகளிலும் கூடைகள் வந்து இறங்கும். நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாசனை என் சட்டை, செருப்பு, தலைமுடி எல்லாவற்றிலும் குடியிருந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்குப் பெண் அமையாததற்கு அந்த வாசனைதான் காரணம் என்று அம்மா நம்பினாள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வேறு மாதிரி நம்பினார். "இவன் பொண்ணு வூட்ல போயி ஓட்ட எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கான். எவன் குடுப்பான்?" என்பார். அது பொய்யில்லை. ஒரு வீட்டில் நான் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போயேவிட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. வரிசைக்கு நாற்பத்திரண்டு ஓடு.

கம்பைநல்லூர்ப் பெண் விஷயம் அப்படியில்லை. அந்தப் பெண்ணை நான் முன்பே பார்த்திருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போய்வந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்துக் காலி இடத்தில் யோசிக்காமல் உட்கார்ந்தாள். காரிமங்கலம் வரும்வரை மூக்கை மூடவில்லை. இறங்கும்போது, "தக்காளி மண்டிங்களா? எங்கப்பாவும் அங்கதான் போடறாரு" என்று மட்டும் சொன்னாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்த வீட்டு ஓடும் எனக்கு எண்ணத் தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லி, அம்மா மாமாவிடம் சொல்லி, மாமா நாலு தடவை போய்ப் பேசி, அந்தப் புதன்கிழமையை முடிவு செய்தார்.

புதன்கிழமை ஏழரைக்கு எமகண்டம் தொடங்கும். அதனால் ஏழரைக்குள் பார்த்து, பேசி, கை நனைத்தாக வேண்டும். கை நனைப்பது என்றால் அந்த வீட்டில் சாப்பிடுவது. எங்கள் பக்கத்தில், பெண்ணைப் பிடித்து, பேச்சு முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் அங்கே வாயில் எதையும் போடுவார்கள். அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கை நனைத்தால் முடிந்தது, நனைக்கவில்லை என்றால் முடியவில்லை. எழுத்து, கையெழுத்து எல்லாம் அதற்கப்புறம்தான்.

முதல் பஸ்ஸில் மாமா என் காதோரம் குனிந்து சொன்னார்: "ஞாயித்துக்கெழம கிருஷ்ணகிரிக்காரன் வர்றான்டா. மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கான். இன்னிக்குக் கை நனைக்கலேன்னா இந்தப் புள்ளைய மறந்துடு."

மோட்டார் சைக்கிளுக்கு எதிரே வைக்க என்னிடம் இருந்தது ஒரு கைக்கடிகாரமும் தக்காளி வாசனையும்தான். வாசனை போக அன்று இரண்டு தடவை சோப்புப் போட்டிருந்தேன்.

அம்மா, மாமா, நான் என்று மூன்று பேர். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்பதால் நாலாவது ஆளாகச் சவரிமுத்துவைக் கூட்டிக்கொண்டோம். எங்கள் மண்டியில் ஏலம் கூவுகிறவன். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடியானவக் குடும்பம், நல்ல மனசு, தொண்டை மட்டும் ஊருக்குப் பெரியது. அவன் ரகசியம் பேசினால் பஸ் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த மாதம் ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அதனால் அவன் தன் டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். தோல் உறையில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருக்குமே, அந்த வகை. அந்த உறையின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? கொஞ்சம் செருப்புக் கடை, கொஞ்சம் விளக்கெண்ணெய், பேட்டரி கசிந்திருந்தால் கொஞ்சம் துரு.

"பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு ரேடியோ எதுக்கு சவரி?" என்றாள் அம்மா.

"சத்தம் கம்மியா வெச்சிக்கிறேங்கம்மா. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி."

அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எவ்வளவு பெரிய வாக்குறுதி பாருங்கள்.

பஸ் இறங்கி, கேழ்வரகு அறுத்த கொல்லைகளின் நடுவே பனியில் நடந்தோம். முன்னால் போன மாமாவை அவர் இருமலை வைத்துத்தான் பின்தொடர்ந்தோம். வழியெல்லாம் அவர் வால் நட்சத்திரத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்த மாதம் வானத்தில் வால் நட்சத்திரம் வந்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். மாமா ஒருநாள்கூட அதைப் பார்க்கவில்லை. பார்க்காததாலேயே அவருக்கு அதன்மேல் சந்தேகம் அதிகம்.

பெண்ணின் பெயர் வசந்தா. அம்மா இல்லாத பெண். வீட்டில் அப்பாவும், அப்பாவின் அக்காவும். இந்த அத்தை ஓசூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கணவர் போனபின் திரும்பி வந்து, தம்பியின் குடும்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர். பேச்சு முடிந்துவிட்டது என்று காட்ட "ஆய்த்து" என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை போடுவார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது. வசந்தா வந்து வணங்கிவிட்டு நின்றாள். இந்தத் தடவை நான் முகத்தைப் பார்த்தேன். மாமா என் தொடையில் இடித்து, "என்னடா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். தேவைக்கு மேல் ஆட்டியிருப்பேன் போல, "போதும்டா" என்றார். அவளுடைய அப்பா உள்ளே திரும்பி, "என்ன கண்ணு, உனக்கு?" என்று கேட்க, "உங்க இஷ்டம்ப்பா" என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்பறம் என்னங்க, கை நனைச்சிரலாம்" என்றார் மாமா. மணி ஏழு பதினைந்து. எமகண்டத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. தட்டுகளில் கேசரி வந்தது. நெய் மிதந்தது, அடியில் லேசாகப் பிடித்திருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து கிரிக்கெட்டைத் தேடி முள்ளைத் திருகினான். கிரிக்கெட் வரவில்லை. கொர கொரவென்று இழுத்துவிட்டு, ஏழேகால் தமிழ்ச் செய்தி வந்தது. வசந்தாவின் அப்பா செய்தி கேட்கிற மனிதர். "கொஞ்சம் சத்தமா வையுங்க தம்பி" என்றார். சவரிமுத்துவிடம் போய்ச் சத்தமாக வை என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். இவன் வைத்தான். பனிக்கு ரேடியோ கரகரத்தது. 'அமெரிக்கா' என்று ஒரு சொல், 'விண்கலம்' என்று ஒரு சொல், நடுவில் அடுப்பில் போட்ட ஈர விறகு மாதிரி ஓசை.

"என்னங்க மாப்ள சொல்றான்? எனக்குப் புரியல" என்றார் அவர்.

மாப்ள! என்னை அவர் முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டார். நான் பட்டதாரி. எனக்குப் புரிந்திருந்தது. உட்கார்ந்தபடி மெல்லச் சொல்லியிருக்கலாம். நான் கேசரித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல் எழுந்து நின்றேன்.

"அமெரிக்காவுல ஒரு ராக்கெட்டு வெடிச்சிருச்சுங்க. கெளம்பி ஒன்னேகால் நிமிசத்துல. உள்ள இருந்த ஏழு பேரும் செத்துட்டாங்க. அதுல ஒருத்தங்க டீச்சருங்க."

மாமாவின் கையிலிருந்த கேசரி வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நின்றது. சமையலறை வாசலில் காப்பித் தம்ளர்களோடு வந்த அத்தை, தம்ளர்களை மெல்லக் கீழே வைத்தார்.

"எழவு சேதியா சொன்னீங்க?"

எழவுச் செய்தி சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. சொல்ல வருகிற ஆள் வாசலுக்கு வெளியேயே நிற்பார். இன்னார் தவறிவிட்டார், எடுப்பது இத்தனை மணிக்கு என்று நின்றபடியே சொல்வார். வீட்டுக்குள் வரமாட்டார், உட்காரமாட்டார், அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிடுவார். நான் அத்தனையையும் தலைகீழாகச் செய்திருந்தேன். நடுக்கூடத்தில், பாயில், கேசரியோடு.

மாமாதான் முதலில் சுதாரித்தார். "அய்யய்ய, அது அமெரிக்காங்கம்மா. எழவு வுழுந்தது அங்க."

"எழவு எங்க வேணா வுழட்டும். சேதி எங்க வுழுந்துச்சு? எங்க நடுவூட்ல."

"அக்கா, ரேடியோ தெனமுந்தான் சாவு சொல்லுது" என்றார் வசந்தாவின் அப்பா, பாவம், எனக்காக.

"ரேடியோ சொன்னது எனக்கு ஒரு எழுத்துப் புரியலடா. இவுருதானே எந்திரிச்சு நின்னு சொன்னாரு? சேதி கொண்டாந்தவரு இவுருதான்."

சவரிமுத்து வாசற்படியிலிருந்து தன்னால் ஆன உதவியைச் செய்தான். "ஆத்தா, அது ஆகாயத்துல நடந்த சாவுங்க. பூமியிலயே இல்ல. மேல நடந்ததுக்கு நமக்கு என்னங்க?"

"மழயுந்தான் மேல இருந்து வருது. நனையறது யாரு?"

சவரிமுத்து அண்ணாந்து பார்த்தான், பனிதான் இருந்தது.

"அதுலயும் டீச்சருன்னு வேற சொல்றாரு" என்றார் அத்தை. குரல் இறங்கியிருந்தது. "எங்க புள்ள போன மாசந்தான் டீச்சருக்குப் படிச்சு முடிச்சுது." கோபத்தில் சொல்லவில்லை, பயந்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தாயில்லாத பெண்ணை வளர்த்தவர். அவருடைய தம்பியின் முகமும் வாடிவிட்டது. "பதினாறு நாள் கழிச்சு வரட்டும். அப்பறம் பாக்கலாம். ஆய்த்து."

ஆய்த்து. பதினாறு நாள். கிருஷ்ணகிரிக்காரன் நாலாவது நாளே வந்துவிடுவான், மோட்டார் சைக்கிளில். அத்தனை பேர் கண்ணும் என் தட்டில் இருந்தது. நனையாத கை, ஆறுகிற கேசரி. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சவரிமுத்து குற்றவாளியைப் போல ரேடியோவை அணைத்தான்.

அப்போது உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வந்தது. "அத்தே. போன வருசம் அரூர்ச் சின்னத்தாத்தா தவறுன சேதி கொண்டாந்தாங்களே ஒரு அண்ணன், மழயில பஸ்ஸு இல்லாம நின்னாங்களே. நீங்கதானே அவங்கள நம்ம தொட்டியில தலைக்கு முழுக வெச்சு, அப்பறம் சோறு போட்டீங்க?"

அத்தை திரும்பினார். "அது... அது வந்து, மழடீ."

"இது பனி" என்றது குரல்.

அத்தை போட்ட சட்டம்தான், அவரே திறந்து வைத்த வழிதான், மாற்றிப் பேச முடியாது. என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "கட்டுன துணியோட முழுகணும். ஏழு உசுரு. ஏழு முழுக்கு."

மணி ஏழு இருபத்தொன்று. நான் ஓடினேன்.

கிணற்றடிக்கு இருநூறு தப்படி இருக்கும், ஓடும்போது சரியாக எண்ண முடியவில்லை. அதில் இன்றைக்கும் எனக்கு ஒரு குறை. எனக்குப் பின்னால் சவரிமுத்து, அவனுக்குப் பின்னால் மாமா, அதற்குப் பின்னால் அம்மா, "சளி புடிக்கும்டா, பாத்து முழுகுடா" என்று பனிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தாள். பாதி வழியில் சேற்றில் என் இடது செருப்பு போனது. நிற்க நேரமில்லை. பம்புசெட் தொட்டியில் முந்தின நாள் தண்ணீர், ராத்திரி முழுக்கப் பனி குடித்து, கறுப்பாக அசையாமல் கிடந்தது. அதன்மேல் ஆவி நின்றது. வேட்டி, சந்தன நிறச் சட்டை, எல்லாவற்றோடும் உள்ளே இறங்கினேன். அந்தக் குளிரைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்த தமிழ் போதாது. இடுப்புவரை இறங்கியதும் என் பெயர் மறந்துபோயிற்று என்று மட்டும் சொல்கிறேன்.

"எண்ணுடா!" என்று மாமா சவரிமுத்துவுக்குக் கட்டளை போட்டார். அவன் தொட்டி விளிம்பில் ஏறி நின்றான். மண்டியில் அவனுக்குப் பழகிய ஒரே எண்ணிக்கை வாயில் வந்தது.

"ஒரு தரம்!"

முழுகி எழுந்தேன்.

"ரெண்டு தரம்!"

முழுகி எழுந்தேன்.

"மூணு தரம்!" என்று ஊருக்கே கேட்க முடித்துவிட்டு, வழக்கம்போல் கையைத் தட்டி நின்றுவிட்டான். ஏலத்தில் அதற்கு மேல் கிடையாது. கறவைக்கு வந்த யாரோ ஒருவர் பனிக்குள்ளிருந்து, "எவ்வளவுக்குப் போச்சுங்க?" என்று கேட்டார்.

"இன்னும் நாலு இருக்குடா!" என்று மாமா அலறினார்.

"நாலு தரம்..." என்றான் சவரிமுத்து, நம்பிக்கையில்லாத குரலில். "அஞ்சு... தரம்."

மேலே இவ்வளவு கூத்து. ஆறாவது முழுக்கில் தண்ணீருக்கு அடியில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இது யாருடைய முழுக்கு? ஏழு பேரில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. டீச்சர் எத்தனையாவது? எனக்குத் தெரிந்து அந்தக் காலையில் அவர்களுக்காகத் தலை முழுகிக்கொண்டிருந்தவன் தருமபுரி மாவட்டத்தில் நான் ஒருவன்தான். அது காரணமாகவோ என்னவோ, ஏழாவது முழுக்கை மட்டும் அவசரப்படாமல், மூச்சு முட்டும்வரை இருந்து எழுந்தேன். அந்த டீச்சருக்கு என்று வைத்துக்கொண்டேன்.

கையைப் பார்த்தேன். கடிகாரத்தைக் கழற்ற மறந்திருந்தேன். ஏழு இருபத்து நான்கில் நின்றிருந்தது.

திரும்பி ஓடியபோது மணி என்னவென்று யாருக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் கடிகாரம் கட்டியவன் நான் ஒருவன்தான். மாமா சவரிமுத்துவின் ரேடியோவைப் பிடுங்கித் திருகினார். செய்தி முடியும் தறுவாயில் இருந்தது. நேரம் இருக்கிறது! வசந்தாவின் அப்பா தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேல் சுற்றினார். அவர் என்னைவிட ஒரு முழம் குட்டை. முழங்கால் தெரிய, தலையில் துண்டோடு, ஒற்றைச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நான் பாயில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையாக இப்படி ஒருவன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

அத்தை தட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார். பல் தந்தியடித்தது, முதல் கவளம் மீசையில் ஒட்டியது, இரண்டாவது வாய்க்குப் போயிற்று. ஆறிப்போன கேசரி. அடிப்பிடித்த கேசரி. ரேடியோவில் ஏழரை மணி அறிவிப்பு வருவதற்குள் விழுங்கிவிட்டேன்.

"ஆய்த்து" என்றார் அத்தை.

காப்பியை வசந்தா கொண்டுவந்தாள். தம்ளரைக் கையில் கொடுக்கும்போது, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அந்த டீச்சருக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா?" என்றாள்.

அவ்வளவு நேரம் அத்தனை பேரும் சாவைப் பற்றிப் பேசினோம். செத்தவர்களைப் பற்றிக் கேட்டது அவள் ஒருத்திதான். "தெரியலீங்க" என்றேன். எங்கள் வாழ்க்கையில் நான் அவளுக்குச் சொன்ன முதல் பதில் அதுதான். இன்றுவரை பெரும்பாலும் அதே பதில்தான் சொல்லிவருகிறேன்.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்தார். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றும் கால் ரூபாய் ஒன்றும் என் ஈரக் கையில் வைத்தார். "சேதி கொண்டாந்தவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாதுங்க. பஸ்ஸுக்கு வெச்சிக்குங்க." முறை என்றால் முறை. வாங்கிக்கொண்டேன். போய்வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். வசந்தா கேட்டதற்குப் பதில் அதில் இருந்தது. மாசியில் நிச்சயத்துக்குப் போனபோது, சந்தனம் பூசும் கூட்டத்துக்கு நடுவில் வசந்தாவிடம், "ரெண்டு புள்ளைங்க" என்றேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் பயந்திருப்பாள். அவள் புரிந்துகொண்டு தலையை அசைத்தாள். "அவங்க கிளாஸ் புள்ளைங்க டிவியில பாத்துக்கிட்டு இருந்தாங்களாமே" என்றாள். அவளும் படித்திருந்தாள். அதற்கப்புறம் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு தை மாதமும் அந்தத் தேதியில் பிள்ளைகளுக்கு அந்த ஏழு பேரின் கதையைச் சொன்னாள். கேசரி, தொட்டி இதெல்லாம் இல்லாமல், செத்தவர்கள் கதையை மட்டும். தொட்டிக் கதையைச் சொன்னவன் சவரிமுத்து. கேட்ட இடத்திலெல்லாம் சொன்னான், அதுவும் அந்தத் தொண்டையில்.

இப்போது அவன் இல்லை. அத்தையும் இல்லை. அவர்கள் போன செய்தியைச் சொல்ல யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை, கைபேசியில்தான் வந்தது. அத்தை போன செய்தி வந்தபோது நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது இட்லி. கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, முழுகுவதா, சாப்பிடுவதா என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போன அந்த மனிதர்கள், நமக்குச் சாப்பாட்டைக் கீழே வைக்க ஒரு நிமிடம் கொடுத்தார்கள். இப்போது அந்த நிமிடம் இல்லை. ஏழேகால் செய்திக்கு ஒரு வீடே வாயை மூடிக் காது கொடுத்த பழக்கமும் இல்லை. அந்தக் கிணறு தூர்ந்து, பக்கத்தில் எண்ணூறு அடிக்கு ஆழ்குழாய் இறக்கியிருக்கிறார்கள். தொட்டி இருந்த இடத்தில் யாரோ தக்காளிக் கூடை அடுக்கியிருந்தார்கள், போனமுறை பார்த்தபோது.

கல்யாணத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் வசந்தாவிடம் அன்றைய செலவைத் திரும்பக் கூட்டிச் சொன்னேன். கடிகாரம் பழுது பார்க்கப் பதினெட்டு ரூபாய். காய்ச்சலுக்கு ஊசி ஐந்து, மருந்து ஏழே முக்கால். சட்டைப் பையில் கூழாகிப்போன பத்து ரூபாய் நோட்டு ஒன்று. செருப்பு ஏழு, ஒற்றைச் செருப்பை எவனும் விற்கவில்லை. ஆக நாற்பத்தேழே முக்கால்.

"எங்க அத்த குடுத்த ஒன்னேகால் ரூவாய வரவு வெக்கலையே நீங்க?" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

வைக்கவில்லைதான். அந்தக் காசை நான் பஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை, மாமாதான் டிக்கெட் எடுத்தார். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கழித்தால் நாற்பத்தாறரை. ஆனால் கால் ரூபாய் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஆகவே அதை வரவில் சேர்க்க முடியாது, ஒரு ரூபாயை மட்டும்தான். அமெரிக்காவில் ஏழு பேர் இறந்த வகையில் எனக்கு ஆன நிகரச் செலவு நாற்பத்தாறு ரூபாய் எழுபத்தைந்து காசு.